காட்சிக்கு வைத்த வாணலி

புதுப் பெட்டிக்குள் பழைய பாத்திரங்களை அடுக்கி, ஓரங்களை டேப் போட்டு ஒட்டி, தங்கையின் புதுக் குடித்தனத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து பெரியவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழையது என்றால் ஓட்டை உடைசல் இல்லை. அவள் வேலை பார்க்கிற பாத்திரக்கடையில், வாசலுக்கு நேராகப் போட்ட மேசையில் வைத்து, வருகிறவர்களுக்குச் சமைத்துக் காட்டிய எவர்சில்வர் செட்டு. புது மாடல் வந்ததும் மேனேஜர், "இதை நீயே எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை. வினிகர் போட்டுத் தேய்த்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கைப்பிடி இடுக்கையெல்லாம் சுரண்டி, கடைக் கிடங்கில் கிடந்த காலிப் பெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்து, 'புதுசு' என்று கொடுத்தாளே, அதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

கொடுக்கும்போதே சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். ஆனால் தங்கையின் மாமியார் பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "எங்க மருமகளோட அக்கா என்ன கொண்டுவந்திருக்கா பாருங்க!" என்று ஆளைக் கூட்டிவிட்டாள். நாலு பேர் வாய்நிறையப் புகழும்போது யாருக்கு வாய் வரும்? பெரியவள் சிரித்து வைத்தாள்.

தாய் தகப்பன் இல்லாத வீடு. தங்கைக்கு எல்லாமாகவும் நின்றவள் அவள்தான். அந்தப் பெருமையும் சேர்ந்து அன்றைக்கு வாயைக் கட்டிவிட்டது.

இப்போது அந்த வாணலியை முதல்முறையாக அடுப்பில் ஏற்றப் போகிறார்கள். "காலைச் சாப்பாட்டுக்கு நீ கட்டாயம் வரணும்" என்று மாமியாரே போன் போட்டு அழைத்திருந்தாள்.

அந்த அம்மாளைக் கட்டடம் முழுக்க நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நல்லவள்தான். ஆனால் எதையும் புரட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டாள். காய்கறியாக இருந்தாலும் சரி, கதையாக இருந்தாலும் சரி.

"வாம்மா, உனக்காகத்தான் அடுப்பையே பத்த வைக்கல" என்று கதவைத் திறந்தாள்.

சமையலறை பளிச்சென்று இருந்தது. மேடையில் கறுப்புக் கண்ணாடி போட்ட மின்சார அடுப்பு. பெரியவளின் கண் அதிலேயே போய் நின்றது. கேஸ் அடுப்பின் கம்பிமேல் என்றால் வாணலி அடியின் கோணல் தெரியாது. கண்ணாடி அடுப்பு எதையும் மறைக்காது.

"மாப்பிள்ளை எங்க?"

"இன்னிக்கு ரெண்டு ஷிப்டு சேர்த்து, அக்கா. அவர் விடியறதுக்கு முன்னாடியே போயாச்சு, ராத்திரிதான் வருவார்" என்றாள் சின்னவள். கூந்தலைத் தூக்கி முடிந்துகொண்டு, நாலு முட்டைகளைக் கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தாள். முகத்தில் குஷி. "சொல்லு, எப்படி ஆரம்பிக்கணும்? நீதானே டெமோ அக்கா."

கடையில் அவளுக்கு அதுதான் பெயர்.

"முதல்ல வாணலி சூடாகணும். அப்புறம் எண்ணெய். எண்ணெய் சூடானப்புறம் முட்டை" என்றாள் பெரியவள். "அடுப்பை மிதமா வை. காலியா ரொம்ப நேரம் விடாதே."

"கேட்டுக்கோ" என்று நர்ஸம்மா மருமகளின் தோளில் தட்டினாள். "அக்கா சொல்றதை மனசுல ஏத்திக்கோ. நல்ல பாத்திரம் கிடைக்கறது பெரிசில்ல, அதை நல்லபடியா வச்சிருக்கறதுதான் பெரிசு."

சின்னவள் வாணலியை அடுப்பில் வைத்தாள்.

டக்.

கையை எடுத்ததும் வாணலி லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. டக் டக்.

சின்னவளின் கை அந்தரத்தில் நின்றது. ஒரே கணம்தான். கல்யாணத்துக்கு முன்னால் எத்தனையோ மதியங்களில் அவள் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கடை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். "அக்கா, உன் வாணலிக்கு டான்ஸ் ஆடத் தெரியுது" என்று கேலி செய்தவளே அவள்தான். அந்தச் சத்தம் அவளுக்கு அத்துப்படி.

அவள் திரும்பி அக்காவைப் பார்க்கவில்லை. எண்ணெயை ஊற்றினாள்.

எண்ணெய் பரவாமல் நடுக் குழியில் போய்த் தேங்கியது. ஓரத்துக்கு வழிந்த முட்டை எண்ணெயில்லாத இடத்தில் அப்பிக்கொண்டது. புரட்டப் போனால் பாதி கரண்டியோடு வந்தது, பாதி வாணலியோடு நின்றுவிட்டது. கருகல் வாசனை சமையலறையை நிறைத்தது.

"நிறுத்து, நிறுத்து." நர்ஸம்மா அடுப்பை அணைத்தாள். முட்டையைத் தட்டில் வழித்துப் போட்டாள். வாணலி ஆறும்வரை பக்கத்திலேயே நின்றாள். ஆறியதும் துடைத்து, மேடையில் வைத்து, ஓரத்தில் ஒற்றை விரலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

பம்பரம் மாதிரி ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றது.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பிடி சேர்கிற இடத்தைப் பார்த்தாள். ஆணித் தலைக்கு அடியில் பழுப்பாக ஒரு கறை. எத்தனை தேய்த்தும் போகாத கறை.

"என்ன இது? அடி வளைஞ்சிருக்கு. இங்க எண்ணெய் பிசுக்கு வேற. இது புதுசுதானா?"

இப்போது சொல். இப்போதே சொல். உள்ளே ஒரு குரல் பெரியவளைப் பிடித்துத் தள்ளியது. அவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் அத்தை" என்றாள் சின்னவள்.

குரலில் நடுக்கம் இல்லை. "நேத்து நீங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தப்போ ஆசை தாங்காம எடுத்து வெங்காயம் வதக்கிப் பார்த்தேன். போன் வந்துச்சு. பேசிக்கிட்டே அடுப்புல மறந்துட்டேன். புகை வந்ததும் பயத்துல அப்படியே குழாயில காட்டிட்டேன். அதுல வளைஞ்சிருக்கும்."

"சூட்டோடவா தண்ணில காட்டினே?"

"ஆமா அத்தை."

நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு பிடி பிடித்தாளே, பார்க்க வேண்டும். பொறுப்பில்லை, போன் கையோடு ஒட்டியிருக்கிறது, பொருளின் அருமை தெரியவில்லை என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. சின்னவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. நர்ஸம்மா பெரியவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ மனசுல வச்சுக்காதேம்மா. ஆசை ஆசையா கொண்டுவந்து குடுத்தே. பெட்டி பிரிச்ச மறுநாளே இப்படிப் பண்ணிட்டா. அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

பெரியவள் அந்த நிமிஷம் அங்கேயே இல்லாமல் போய்விட விரும்பினாள். "ஐயோ, விடுங்க அத்தை, அதனால என்ன" என்று தன் வாய் சொல்வதைத் தானே கேட்டாள். எவ்வளவு இயல்பாக வந்தது! காது மடல் இரண்டும் தீயாகச் சுட்டன.

தட்டில் வைத்ததைக் கொறித்துவிட்டு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

மாடிப்படித் திருப்பத்தில் பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. குப்பைப் பையோடு சின்னவள்.

"ஏன்டி அப்படிச் சொன்னே?" என்றாள் பெரியவள் தாழ்ந்த குரலில்.

"வேற என்ன சொல்லச் சொல்றே? எங்க அக்கா கடையில வச்சுத் தேச்சதைப் பெட்டியில போட்டுக் குடுத்துட்டான்னா?"

"நான் சொல்லத்தான் வாயெடுத்தேன்."

"எடுத்தே. பார்த்தேன்." சின்னவள் பையை இன்னொரு கைக்கு மாற்றினாள். "நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள அவங்க முகம் எப்படி மாறும்னு எனக்குத் தெரியும். என்னை என்ன வேணா சொல்லட்டும். உன்னை ஒரு சொல் சொன்னா என்னால அந்த வீட்டுல நிக்க முடியாது."

பெரியவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம் அக்கா. 'இது நான் புழங்கின பாத்திரம்டி, எடுத்துக்கோ'ன்னு சொல்லியிருந்தா, கட்டிப்பிடிச்சு வாங்கிட்டு வந்திருப்பேனே. நீ என்கிட்டயும் வியாபாரம் பண்ணிட்டே."

சொல்லிவிட்டு அவள் படியேறிப் போய்விட்டாள். குப்பைப் பையைப் போடவே இல்லை. கையோடு திரும்பி எடுத்துக்கொண்டு போனாள்.

கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம். பெரியவள் கழுத்தில் ஏப்ரனை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றாள். புதுச் செட்டு வெளிச்சத்தில் மின்னியது.

தினமும் செய்கிற வித்தைதான். காலி வாணலியை நன்றாகக் காய வைத்து ஒரு கை தண்ணீர் தெளித்தால், துளிகள் பாதரசம் மாதிரி உருண்டு ஓடும். கூட்டம் வாயைப் பிளக்கும். அடுத்த ஆளுக்குக் காட்ட அவசரமாக, கொதிக்கிற வாணலியை அப்படியே குழாய்க்கடியில் பிடிப்பாள். 'சொய்ங்' என்று ஆவி கிளம்பும். அதற்கும் ஒரு கைதட்டல். அந்தக் கைதட்டல்தான் போன வாணலியின் அடியை வளைத்தது.

இன்றைக்கு அவள் வாணலியைக் கையில் எடுத்தாள். எடுத்த கை அடுப்புக்குப் போகவில்லை.

"காட்டுங்க, காட்டுங்க" என்றார் முன்வரிசையில் நின்ற ஒருவர். லாரி ஓட்டுகிறவராம். ஆள் வாசல் அகலம். "எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்மா. வண்டியிலயும் வச்சுக்குவேன், வீட்டுலயும் வச்சுக்குவேன். முட்டை, உருளைக்கிழங்கு, எப்பவாவது மீன். இந்தச் செட்டு எல்லாம் எனக்கு எதுக்கு? நீங்க உங்க வீட்டுக்குன்னா எதை எடுப்பீங்க?"

சாதாரணக் கேள்வி. அவர் கபடமில்லாமல்தான் கேட்டார். பெரியவளுக்குக் கன்னத்தில் ஒன்று விட்ட மாதிரி இருந்தது.

அவள் மேசையை விட்டு வெளியே வந்தாள். அலமாரியின் கீழ்த்தட்டில், பளபளப்பில்லாமல் அடுக்கியிருந்த கனமான வாணலிகளிடம் அவரை அழைத்துக்கொண்டு போனாள்.

"பெட்டியைப் பார்க்காதீங்க. வெளியே எடுத்துப் பாருங்க. இப்படித் தரையில வச்சு ஓரத்தை அழுத்துங்க. ஆடக் கூடாது. ஆடினா சூடு ஒரு பக்கமா ஏறும், ஒரு பக்கம் வேகும், ஒரு பக்கம் கருகும்."

லாரிக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். டயர் பார்க்கிற கவனம்.

"கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்குங்க. மணிக்கட்டு வலிச்சா அது உங்க வாணலி இல்ல."

"எனக்கா? ஸ்டியரிங்கே பஞ்சு மாதிரி இருக்கு" என்று சிரித்தார் அவர். "இந்த ஒட்டாத பூச்சு போட்டது நல்லதாமே?"

"நல்லதுதான். ஆனா தீயைக் கூட்ட முடியாது, கம்பிக் கரண்டி படக் கூடாது. பூச்சு உரிஞ்சா அதோட ஆயுசு முடிஞ்சது. அவசரக்காரங்களுக்கு அது ஆகாது."

"அப்போ எனக்கு ஆகாது. இந்த எவர்சில்வரு வளையாதுதானே?"

கூட்டத்துக்குப் பின்னால் மேனேஜர் நிற்பது பெரியவளுக்குத் தெரிந்தது.

"வளையும்" என்றாள். "காலியா காய விட்டாலும் வளையும். சூட்டோட பச்சைத் தண்ணி ஊத்தினா கண்டிப்பா வளையும். நானே அப்படி ஒண்ணை வளைச்சிருக்கேன். ஆற விட்டுக் கழுவுனா ரொம்ப வருஷம் உழைக்கும்."

மேனேஜர் புருவத்தை உயர்த்தினார். லாரிக்காரரோ திருப்தியாக ஒரு கனத்த வாணலியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பில் போடப் போனார். "நிஜத்தைச் சொன்னீங்க பாருங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். பாராட்டாகத்தான் சொன்னார். அவள் கூசிப் போனாள்.

வேலை முடிந்ததும், அதே கீழ்த்தட்டிலிருந்து தானும் ஒன்றை எடுத்தாள். தரையில் வைத்து அழுத்தினாள், கண்ணுக்கு நேராகப் பிடித்து அடியைப் பார்த்தாள், கைப்பிடி ஆணிகளைத் தடவிப் பார்த்தாள். பெட்டி வேண்டாம் என்றாள். பழைய செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டாள்.

நேராக வீட்டுக்குப் போகாமல் தங்கை வீட்டுப் படியேறினாள்.

நர்ஸம்மாதான் திறந்தாள். தோளில் துடைக்கிற துணி. "இப்பதான் ரொட்டி வாங்கப் போனா, வந்துடுவா. உள்ள வா."

வரட்டும் என்று காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று பெரியவளுக்குத் தெரியும். சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"அத்தை, அவ அந்த வாணலியை அடுப்புல மறக்கல. வளைச்சது நான். கடையில காட்டறதுக்கு வச்சிருந்த செட்டு அது. நல்லாத் தேச்சு, வேற பெட்டியில போட்டு, புதுசுன்னு குடுத்துட்டேன். காலையில அவ என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னா. நான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். செய்தித்தாள் பொட்டலத்தை மேடையில் வைத்தாள். "இது நிஜமாவே புதுசு. மத்ததை நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

நர்ஸம்மா கையிலிருந்த தட்டை அவசரமில்லாமல் துடைத்தாள். முன்பக்கம், பின்பக்கம். அடுக்கில் வைத்தாள். அடுத்த தட்டை எடுத்தாள்.

"அன்னிக்கு நான் எதிர்வீட்டைக் கூப்பிட்டேனே, அப்போ உனக்கு எப்படி இருந்திருக்கும்!" என்றாள் கடைசியில்.

திட்டுவாள் என்று நினைத்து வந்த பெரியவளுக்கு, அந்த ஒரு வார்த்தையில் கண் நிறைந்துவிட்டது.

"பாத்திரம் போகுது, விடும்மா. காட்சிக்கு வச்சதுன்னு சொல்லியிருந்தாலும் நான் சந்தோஷமாத்தான் வாங்கியிருப்பேன். இவ்வளவு தூரம் வந்து சொன்னே இல்ல, அது போதும். உக்காரு. தண்ணி குடி."

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டியைக் கொடுத்த நாளிலிருந்து நெஞ்சில் ஏற்றி வைத்த கல் இறங்கியது மாதிரி இருந்தது. தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள்.

நர்ஸம்மா அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். எதையோ யோசிக்கிற முகம்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றாள். "நான் நம்பிட்டேனே. வெங்காயம் வதக்கினேன்னா, போன் வந்துச்சுன்னா, புகை வந்துச்சுன்னா. கண்ணு ஒரு தடவை சிமிட்டல. எத்தனை வருஷமா நோயாளிங்க சொல்ற பொய்யைப் பிடிச்சிருக்கேன்! இவகிட்ட ஏமாந்துட்டேன்."

"எனக்காகத்தான் அத்தை..."

"தெரியும். உனக்காகத்தான்." அவள் துணியை மடியில் வைத்து மடித்தாள். "போன மாசம் உனக்குக் காய்ச்சல்னு ரெண்டு நாள் உன் வீட்டுல வந்து தங்கினாளே. அதாவது நிஜம்தானா?"

பெரியவளின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. ஒரு நாள்கூடக் கடைக்கு லீவு போடவில்லை. சின்னவள் தங்கவுமில்லை, ஒரு பொழுது எட்டிப் பார்க்கவுமில்லை.

இரண்டு நாள். எங்கே போனாள்? யாரிடம் போனாள்? புருஷனுக்குத் தெரியுமா?

இந்த வீட்டில் தங்கையின் சொல்லைச் சந்தேகத்துக்கு ஆளாக்கியது யார் என்பது பெரியவளுக்கு உறைத்தது. உண்மையைச் சொல்லி மனசைக் கழுவிக்கொண்டதாக நினைத்தாளே, அந்தக் கழுவின தண்ணீர் நேராகத் தங்கையின் தலையில் போய் விழுந்திருக்கிறது.

"நிஜம்தான் அத்தை" என்றாள். "நல்ல காய்ச்சல். அவதான் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டா."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. மன்னிப்பு வாங்கின ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் அடுத்த பொய். காலையில் தங்கை சொன்னாளே, அதே மாதிரி கண் சிமிட்டாமல்.

"அப்படியா" என்றாள் நர்ஸம்மா. அவ்வளவுதான்.

வெளியே பூட்டில் சாவி திரும்பியது. ரொட்டிப் பொட்டலத்தோடு உள்ளே வந்த சின்னவள், மேடையிலிருந்த புது வாணலியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் மெல்ல இளகியது. அக்கா சொல்லிவிட்டாள் என்ற சந்தோஷம் அந்தக் கண்ணில் பளிச்சென்று தெரிந்தது. அதைத் தாங்கவே பெரியவளால் முடியவில்லை.

"வா, வா. உன்னைப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்" என்றாள் நர்ஸம்மா, நோயாளியின் நாடியைப் பிடிக்கும்போது வரும் அந்த இதமான குரலில். "அக்காவுக்குப் போன மாசம் காய்ச்சல் வந்துச்சே. பாவம், ரெண்டு நாளும் என்னதான் சாப்பிடக் குடுத்தே?"

சின்னவளின் முகத்தில் இருந்த இளக்கம் அப்படியே உறைந்தது. பார்வை அக்காவிடம் ஓடியது. பெரியவள் அவளை முந்திக்கொண்டு பதில் சொல்லப் பார்த்தாள். தங்கையும் அதே நேரத்தில் வாயைத் திறந்தாள்.

"சூப்பு" என்றாள் பெரியவள்.

"பால் சோறு" என்றாள் சின்னவள்.

நர்ஸம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். திரும்பி வந்து, மருமகளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு" என்றாள். "அவன் ஷிப்டு முடிஞ்சு வர்றதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிடு."